முறை வைத்துக் கொடுத்த மருந்து

என் சாமி சின்னராசு,

அக்கா எழுதுகிறேன். நீ இருந்தபோது உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுத வேண்டிய தூரத்தில் நாம் என்றைக்கு இருந்தோம்? அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் மிளகுத் தோட்டத்திலிருந்து "ஏனக்கா" என்பாய். இப்போது எங்கே நின்று கூப்பிட்டால் உனக்குக் கேட்கும் என்று தெரியவில்லை.

நீ போய் ஆறு மிளகுப் பறிப்பு முடிந்துவிட்டது. நடுவில், ரெண்டாயிரம் பிறந்தால் உலகம் அழிந்துவிடும் என்று மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி பஸ்ஸில் ஆளாளுக்குப் பேசினார்கள். அழியட்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன். ஒன்றும் அழியவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் கண்ணு. முதலில் உன் பெண்டாட்டி செல்லம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டியது. ஆறு வருஷமாக வாய் வரவில்லை. அதனால்தான் இதை உனக்கு எழுதி, அச்சில் போடவும் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படித்துவிட்டால் அப்புறம் நான் பின்வாங்க முடியாது. உன் அக்கா எப்பேர்ப்பட்ட கோழை என்று உனக்குத் தெரியாது. ஊருக்கே நியாயம் சொல்கிறவள் என்றுதான் நீ நினைத்திருந்தாய்.

அந்தத் தை மாசத்திலிருந்து சொல்கிறேன். மிளகு பழுத்துக் கிடந்தது. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறினாய். பனியில் மண் ஈரமாக இருந்ததா, ஏணியைச் சரியாக ஊன்றவில்லையா, நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏணியோடு சேர்ந்து சரிந்தாய். மூங்கிலின் வெட்டுக் கணு முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து, "பறிச்ச மெளகெல்லாம் கொட்டிப்போச்சக்கா" என்றாய்.

"காலு கிழிஞ்சு தொங்குது, மெளகுக்கு அழுவுறான் பாரு" என்று திட்டினேன். உன்னிடம் அன்பாகப் பேசியதைவிடத் திட்டியதுதான் அதிகம். நீ அதையும் அன்பென்றே எடுத்துக்கொண்டு சிரிப்பாய்.

மலை ஆஸ்பத்திரிக்கு அப்போது புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். காயத்தைக் கழுவித் தைத்து, பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். "ஒருவேளைகூட விடக்கூடாதும்மா. இலைகிலை வச்சுக் கட்டிட்டு வந்தீங்கன்னா நான் பார்க்க மாட்டேன்" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்தி. மாத்திரை அட்டையில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

மூன்று நாள் விழுங்கினாய். காய்ச்சல் விட்டது. அம்மா ஆரம்பித்துவிட்டாள். "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான். போதும். இனி நம்ம வைத்தியரைக் கூட்டியா" என்றாள்.

மலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்போம்; திண்ணனூர் நாட்டிலிருந்து வைத்தியர் நடந்தே வந்தார். காயத்தை முகர்ந்து பார்த்தார். கடுக்காய்த் தோலைக் கல்லில் உரைத்து, மடியில் கொண்டுவந்த பச்சிலையோடு குழைத்து அப்பினார். போகும்போது அவரும் என்னிடம்தான் சொன்னார்: "என்ற மருந்து வேலை செய்யோணும்னா அந்த மாத்திரை ஒடம்புல இருக்கக்கூடாது கண்ணு. ரெண்டும் சேந்தா ரெண்டும் கெட்டுப்போகும். உப்பு, புளி, கருவாடு ஒண்ணும் ஆகாது. பத்தியம் முறிஞ்சா மருந்து திருப்பி அடிக்கும்."

டாக்டரை விட்டால் ஊசிக்கும் தையலுக்கும் யார்? வைத்தியரை விட்டால் அம்மா பச்சைத்தண்ணி பல்லில் படாமல் கிடப்பாள். நடுவில் நான். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நம் வயலுக்கும் பெரியப்பா வயலுக்கும் ஒரே ஊற்று, ஒரே வாய்க்கால். வருஷாவருஷம் தண்ணீருக்கு அடிதடி. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நீயும் பெரியப்பா மகனும் நின்ற அன்றைக்கு நான்தான் குறுக்கே விழுந்து முறை வைத்தேன். திங்கள், செவ்வாய், புதன் நமக்கு. வியாழன், வெள்ளி, சனி அவர்களுக்கு. ஞாயிறு கோயில் வயலுக்கு. அன்றன்றைக்கு உரியவர் மடையைத் திறக்க வேண்டும், மற்றவர் மண் போட்டு அடைத்துவிட வேண்டும். கதவுக்குப் பின்னால் பலகையில் சாக்பீஸால் எழுதியும் வைத்தேன். நம் குண்டூர் நாட்டில் நாலு ஊருக்கு அது பேச்சானது. "பாப்பாத்தி வச்ச மொறைப்பா, யாரும் மீறக்கூடாது" என்று ஆண்கள் பேசிக்கொண்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே பலகையில் மருந்துக்கும் முறை எழுதினேன். திங்கள், செவ்வாய், புதன் மாத்திரை. வியாழன், வெள்ளி, சனி இலை. ஞாயிறு ஒன்றும் வேண்டாம், உடம்பு ஆறட்டும். பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் பார்த்துவிட்டதாக நினைத்தேன்.

புதன்கிழமை டாக்டர் பார்க்கிற நாள். விடிந்ததும் காயத்தைச் சுற்றியிருக்கிற கடுக்காய்க் கறையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைப்பேன். வலியில் பல்லைக் கடித்துக்கொள்வாய். அப்படியும் ஒருதரம் "என்னம்மா இது, கருப்பா இருக்கு" என்று டாக்டர் கேட்டார். "மெளகுக் கறைங்க" என்றேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாய். சனிக்கிழமை வைத்தியர் வருகிற நாள். அன்றைக்கு மாத்திரை அட்டையை ராகிப் பானைக்குள் புதைத்து வைப்பேன். காலையில் கயிற்றுக்கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "அக்கா, இன்னிக்கு ஆரு தண்ணி?" என்று கேட்பாய். எல்லோரும் சிரிப்போம். ஐந்து மாசம் முழுகாமல் இருந்த செல்லம்மாகூடச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புச் சத்தம் இப்போதும் கேட்கிறது சாமி. கேட்கிறபோதெல்லாம் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒவ்வொரு திங்கள் முதல் புதன் வரையிலும் நன்றாகத்தான் இருந்தது. வாரக் கடைசியில் மறுபடியும் வீங்கும், சீழ் கட்டும். டாக்டர் மாத்திரையை மாற்றுவார். புது மாத்திரைக்கும் மூன்று நாள் முறை. அது பிடிக்காமல் போனதும் அதைவிடப் பெரிய மாத்திரை. அதற்கும் மூன்று நாள். மாசி முடிந்து பங்குனியும் போனது.

பங்குனியில் ஒருநாள், உப்பில்லாத களியைத் தின்று தின்று நாக்கு செத்துப்போச்சு என்று செல்லம்மாவிடம் கெஞ்சியிருக்கிறாய். ஒரே ஒரு கருவாடு போதும் என்றாயாம். அவளுக்கு மனசு கேட்கவில்லை. அம்மா காட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அடுப்பில் ஒன்றைச் சுட்டுக் கொடுத்தாள். வாசம் போகுமா? திரும்பி வந்த அம்மா வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள். அன்றைக்கு அவள் பேசிய பேச்சைக் கட்டிலில் கிடந்த நீயும் கேட்டாய். "நாந்தான் கேட்டேன், அவளை ஏன் வையறே" என்று நீ சொன்னது அம்மா காதில் ஏறவேயில்லை.

சித்திரையில் எலும்பு வரைக்கும் போய்விட்டது. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீழை எடுத்து எங்கோ அனுப்பினார்கள். நாலாம் நாள் ஒரு தாள் வந்தது. வரிசையாக மருந்துப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே இங்கிலீஷ் எழுத்து, ஆர். மேலிருந்து கீழ்வரை ஆர், ஆர், ஆர். எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

பெரிய டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எந்த மருந்துக்கும் அடங்கலையேம்மா. மாத்திரையைப் பாதியில பாதியில நிறுத்தினீங்களா?"

நீ கட்டிலில் கிடந்தாய். கண் திறந்திருந்தது.

"இல்லீங்க. ஒருவேளைகூட விடாம குடுத்தேனுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? திட்டுவார் என்ற பயமா? மெளகுக் கறை என்று சொல்லிச் சொல்லிப் பொய் பழகிப்போனதா? நான் வைத்த முறை தப்பென்று அந்த வார்டில் அத்தனை பேர் முன்னால் ஆகிவிடுமே என்றா? ஆறு வருஷமாக என்னையே கேட்கிறேன். டாக்டர் உன் பக்கம் திரும்பி, "ஆமாவாப்பா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம், "அக்கா சொன்னா செரிங்க" என்றாய்.

அதற்குமேல் மூன்று நாள்தான். காலை வெட்டி எடுத்தால் பிழைக்கலாம் என்று சொன்ன அன்று சாயங்காலமே கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? அந்த நேரத்தில் அதனால் ஒன்றும் மாறியிருக்காது என்று படித்த ஒருவர் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். ஆனால் பொய்யைச் சொல்லி உன்னையும் அதற்குச் சாட்சியாக்கி அனுப்பிவைத்தேனே, அதை எங்கே போய்க் கழுவுவேன்?

மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி உன்னைக் கொண்டுவந்தோம். வேனில் செல்லம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். வாசலில் இறக்கியதும் அம்மா அவளைத்தான் பார்த்தாள். "கருவாட்டைக் குடுத்து எம்பையனைக் கொன்னுபோட்டாளே" என்று மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். கூடியிருந்த பொம்பளைகள் அதையே வாங்கி ஒப்பாரியில் வைத்தார்கள். வைத்தியர் ஓரமாக உட்கார்ந்து, "நான்தான் சொன்னேனே, பத்தியம் முறியக்கூடாதுன்னு" என்றார். நான் உன் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். பாதியில நிறுத்தினீங்களா என்று கேட்ட குரல் காதில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குள் போய்ப் பலகையில் இருந்ததை முந்தானையால் அழித்தேன். மருந்து முறையை மட்டும்தான் அழித்தேன். தண்ணீர் முறை அப்படியே இருந்தது.

உனக்கு மகள் பிறந்தாள். மல்லிகா என்று பெயர். உன் மாதிரியே காது. அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. செல்லம்மா ஒவ்வொரு வேளையும் அம்மாவின் பேச்சை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து களி கிண்டுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? கீழே இறங்கிவிட்டேன். காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு அறை. அங்கிருந்து பஸ் ஏறிப் போனால் ஒரு காலேஜ். அதில் கிருமி ஆராய்ச்சி செய்கிற லேப்பில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை. எந்த வேலை கிடைத்தாலும் போயிருப்பேன். இதுதான் கிடைத்தது. சாமி எனக்கென்று பார்த்துக் கொடுத்த வேலையா என்று பலநாள் நினைத்திருக்கிறேன்.

அங்கேதான் அந்த எழுத்தை மறுபடியும் பார்த்தேன். கழுவப் போட்ட தட்டு ஒன்றின் மூடியில் மையால் ஆர் என்று எழுதியிருந்தது. லேப் மேடம் என்னைவிட வயதில் சின்னவர், பாப்பாத்தியக்கா என்றுதான் கூப்பிடுவார். அது என்ன எழுத்துங்க மேடம் என்று கேட்டேன். "அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காதுன்னு அர்த்தம்க்கா. மருந்தைப் பாதியில நிறுத்துறாங்க இல்ல, அப்ப பலவீனமானது செத்துரும், சாகாம தப்பிச்சது பெருகிக்கும். அடுத்ததரம் அதே மருந்தைக் குடுத்தா அதுக்குப் பழகிப்போயிருக்கும்" என்றார். நான் தட்டைக் கழுவினேன். கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேனாம், அவர்தான் வந்து குழாயை மூடினார்.

வாரத்தில் மூன்று நாள் கொன்று, மூன்று நாள் பிழைக்க விட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் கொடுத்து அதை வளர்த்திருக்கிறேன். நம் வயலுக்குக்கூட நான் அவ்வளவு ஒழுங்காகத் தண்ணீர் பாய்ச்சியதில்லை.

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் மேடம், "நீங்க மலைக்காரங்கதானேக்கா, நல்ல கடுக்காய் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டார். எதற்கு என்றேன். அடங்காத கிருமிக்கு மருந்தையும் கடுக்காய்ச் சாற்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கப்போவதாகச் சொன்னார். "ரெண்டும் சேந்தா ரெண்டும் கெட்டுப்போகும்னு சொல்லுவாங்களே மேடம்" என்றேன். "யார் சொன்னா? சேர்த்துப் பார்த்தாங்களா?" என்றார்.

யாரும் பார்க்கவில்லை கண்ணு. டாக்டரும் பார்க்கவில்லை, வைத்தியரும் பார்க்கவில்லை. ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் கண்ணிலேயே காட்டாமல் நான்தான் ஒளித்து ஒளித்து வைத்தேனே. வைத்தியரிடம் அட்டையைக் காட்டியிருக்கலாம். டாக்டரிடம் கடுக்காய் என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார்கள், ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருக்குமே.

மலையில் சோளக்காட்டுச் சந்தையில் பார்த்துப் பொறுக்கி ஒரு பை கடுக்காய் கொண்டுபோனேன். கொட்டை நீக்கித் தோலை இடித்துக் கொடுத்தேன். மேடம் சாறு இறக்கினார். தட்டுகளில் பாயசம் உறைந்த மாதிரி ஒன்றை ஊற்றி, ஏதோ ஆஸ்பத்திரிச் சீழிலிருந்து வந்த கிருமியை அதில் தடவினார். ஒரு தட்டில் மருந்து தோய்த்த காகித வில்லை. ஒன்றில் கடுக்காய் வில்லை. ஒன்றில் இரண்டும் சேர்ந்தது. அந்த மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டினேன். உன் முதல் அட்டையில் இருந்த அதே பெயர்.

மறுநாள் காலையில் மேடம் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். மருந்து மட்டும் வைத்த தட்டில் கிருமி வில்லையின் விளிம்பு வரைக்கும் ஏறி வளர்ந்திருந்தது. மருந்து வைத்திருப்பதையே அது கண்டுகொள்ளவில்லை. கடுக்காய் மட்டும் வைத்ததில் நூல் அளவுக்கு விலகியிருந்தது. இரண்டும் சேர்ந்ததில், சாமி, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வளையம். உள்ளே ஒன்றுமேயில்லை, சுத்தமாக, வெளிச்சம் அந்தப் பக்கம் போகிற மாதிரி இருந்தது. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை உலகத்தில் அவர் ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இது தட்டுல நடந்தது. ஆள் உடம்புல, அதுவும் எலும்புக்குள்ள போனதுக்கு இது வேலை செய்யுமான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்தக் கிருமி முதல்லயே அடங்காததா இருந்திருக்கலாம். நீங்கதான் காரணம்னு சொல்ல முடியாது" என்றார்.

நல்ல மனுஷி. ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? சேர்த்துக் கொடுத்திருந்தாலும் நீ செத்திருக்கலாம். விடாமல் பத்து நாள் கொடுத்திருந்தால் ஒருவேளை தையிலேயே ஆறியிருக்கலாம். எது என்று இனி ஒருநாளும் தெரியாது. உறுதியாகத் தெரிவது ஒன்றுதான். ஒரு மருந்தையும் நான் உனக்கு முழுசாகக் கொடுக்கவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று உன்னை நடுவில் நிறுத்திவைத்தேன்.

அந்த வளையத்தையாவது யாராவது பெரியவர்கள் பார்த்து, மருந்தாக்கி, உன் மாதிரி கிடக்கிற ஒருத்தனைக் காப்பாற்றுவார்கள் என்று நம்பினேன். மேடம் எங்கெங்கோ எழுதிப்போட்டார். ஒன்றும் வரவில்லை. அவர் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார். புதிதாக வந்தவர் வேறு வேலை செய்கிறார். லேப் குளிர்பெட்டியில் இருந்த பழைய தட்டுகளையெல்லாம் பெரிய குக்கரில் போட்டு வேகவைத்துக் கொட்டச் சொன்னார்கள். என் கையால்தான் கொட்டினேன். மிச்சக் கடுக்காய் அரைப் பை அலமாரிக்கு அடியில் இன்னும் கிடக்கிறது, பூச்சி அரித்து.

மலைச் செய்தியும் கேள். செம்மேட்டில் செல்போன் கோபுரம் நட்டிருக்கிறார்கள். உன் மரங்களில் பாதியை விற்றாகிவிட்டது. வைத்தியருக்குச் சர்க்கரை. சிரிக்காதே, மலை ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று மாத்திரை வாங்குகிறார். "ஏனுங்க, பத்தியம்?" என்று கேட்டேன். "போ கண்ணு, வயசான காலத்துல எல்லாத்தையும் சேத்துத்தான் முழுங்கறேன்" என்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு வரவில்லை. தெரிந்ததைச் சொன்னார். ஒளித்தது நான்.

போன மாசம் மலைக்குப் போயிருந்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மல்லிகா பள்ளிக்கூடத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்திருந்தாள். சின்னக் காயம். காய்ந்து பொருக்குக்கூடத் தட்டிவிட்டது. ஆனால் செல்லம்மா இருபது நாளாகக் குழந்தைக்கு உப்பில்லாமல் களி போட்டுக்கொண்டிருக்கிறாள். இலையும் கட்டவில்லை, மாத்திரையும் கொடுக்கவில்லை. எதைக் கொடுத்தால் எது முறியுமோ என்ற பயம். மருந்தே இல்லாத பத்தியம். பக்கத்து வீட்டில் கருவாடு சுட்டார்கள். வாசம் வந்ததும் மல்லிகா, "எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடும்மா" என்று கேட்டாள். சொல்லி வாய் மூடவில்லை, செல்லம்மா அறைந்துவிட்டாள். அவள் அடித்து நான் பார்த்ததேயில்லை. குழந்தை அழவில்லை, திகைத்துப்போய் நின்றாள். செல்லம்மாதான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒருத்தருக்குக் குடுத்துக் கொன்னது போதாதுங்களா அண்ணி? என்ற கையால போச்சுங்க. இந்தக் கையாலதான் சுட்டுக் குடுத்தேன்" என்று இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அம்மாவும் அங்கேதான் இருந்தாள். உன் கையில் ஒன்றுமில்லை செல்லம்மா, முறை வைத்தது நான், பாதி பாதியாக நிறுத்தியது நான், பொய் சொன்னதும் நான் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அழாதே புள்ளே" என்றேன். அவள் தலையைத் தடவிவிட்டேன். மத்தியானப் பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டேன்.

வளைவுகளில் இறங்கும்போது உன் முகம்தான் வந்தது. அக்கா சொன்னா செரிங்க என்று சொன்னபோது நீ என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாய், இல்லையா? உயிர் போகிற நேரத்தில்கூட என் மானத்தைக் காத்தாய். நானோ உன் பெண்டாட்டியை ஆறு வருஷமாகக் கொலைகாரியாக விட்டுவைத்திருக்கிறேன். நீ விட்டுப்போன அந்த ஒரு உயிரையும் இப்போது பட்டினி போட்டு வளர்க்கிறாள், என்னால்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு மலையேறுகிறேன் சாமி. கதவுக்குப் பின்னால் அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. அதைக் கழற்றி அம்மா மடியில் வைத்து, இதில் என்ன எழுதியிருந்தேன் என்று செல்லம்மா கேட்கும்படி சொல்லுவேன். டாக்டரிடம் சொன்ன பொய்யையும் சொல்லுவேன். அம்மா என் முகத்தில் இனி விழிக்க மாட்டாள். செல்லம்மா என்ன செய்வாளோ தெரியாது. வீட்டைவிட்டுப் போ என்றாலும், காறித் துப்பினாலும் அவளுக்கு அது தகும். மன்னித்துவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது. உன் பெண்டாட்டியாயிற்றே, அவளும் அக்கா சொன்னால் சரி என்றுவிட்டால் நான் என்ன செய்வேன்?

சந்தையில் கால் கிலோ கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் வாசம் வருகிறது என்று யார் முகம் சுளித்தாலும் மடியிலேயே வைத்துக்கொண்டு போவேன். சொல்லி முடித்ததும் நானே அந்த அடுப்பைப் பற்றவைத்து, என் கையால் சுட்டு, முதலில் செல்லம்மா தட்டில் வைப்பேன். அப்புறம் மல்லிகாவுக்கு. இந்தத் தடவை பாதியில் திரும்பி வர மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உனக்கு முறை வைத்த பாவி,
உன் அக்கா
பாப்பாத்தி